கியர் பாக்ஸின் வால் பக்கம் ஒரு காயில்

பொள்ளாச்சித் தேங்காய், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, பல்லடம் பக்கத்துப் பண்ணைகளின் கறிக்கோழி, ஈரோட்டுக்குப் போகும் மஞ்சள் மூட்டை. கொங்கு நாட்டில் இவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு கட்டத்தில் பிக்கப்பில் ஏறி இறங்கியே தீரும். ஓய்வில்லாமல் ஓடும் இந்த வண்டிகளுக்கு வரும் நோய்களில் ஒன்று ஓட்டத்தை நிறுத்துவதே இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கும், கியர் விழும், பிரேக் பிடிக்கும். மீட்டர் முள் மட்டும் சுழியத்தைவிட்டு எழாது. கிலோமீட்டர் எண்ணும் நின்ற இடத்திலேயே நிற்கும். “மீட்டர் செத்துப்போச்சுங்ணா” என்று ஓட்டுநர் பட்டறையில் சொல்வார்.

பெரும்பாலான சமயங்களில் மீட்டர் சாவதில்லை. அதற்குச் சேதி வருவதுதான் நின்றுபோயிருக்கும். சேதி புறப்படும் இடம் டேஷ்போர்டிலிருந்து தள்ளி, வண்டிக்கு அடியில், கியர் பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. கட்டைவிரல் அளவேயான அந்தப் பொருளுக்கு ஸ்பீடு சென்சார் என்று பெயர். கழற்றி மாற்ற ஒரு போல்ட்டும் ஒரு கப்ளரும்தான் வேலை. மாற்றுவது எளிது என்பதாலேயே மாற்றத் தேவையில்லாத சென்சார்களும் நிறைய மாற்றப்படுகின்றன. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது மாற்ற வேண்டும், எப்போது கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

சென்சாருக்கு முன்பு அந்த இடத்தில் ஒரு கேபிள் இருந்தது. 1920ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது உலகம் முழுவதும் வழக்கத்தில் இருந்தது அந்த முறைதான். ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே 1902ல் காப்புரிமை பெற்ற வேகமானியில் கேபிளின் நுனியில் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தை மூடியபடி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனாலும் காந்தம் சுழன்றால் கிண்ணமும் அதே திசையில் இழுபடும். நகரும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அந்த மின்னோட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள, இரண்டு புலங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கிண்ணம் முழுதாகச் சுற்றிவிடாதபடி ஒரு மெல்லிய சுருள்வில் தடுத்து நிறுத்தும். வேகம் கூடக்கூட இழுப்பு கூடும், முள் அந்த அளவுக்குச் சாயும். பேட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் வாங்காமல் வேலை செய்த இந்தக் கருவிதான் இயந்திரவியலின் மிக அழகான படைப்புகளில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பலவீனம் கேபிள்தான். கிரீஸ் வற்றினால் முள் துள்ளும், வளைவு அதிகமானால் உள்கம்பி அறுந்துபோகும். இன்ஜினைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டர் வந்தபோது இன்னொரு குறையும் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கம்பியின் முறுக்கு புரியாது, மின்துடிப்பு வேண்டும். எனவே கியர் பாக்ஸில் கேபிள் செருகியிருந்த அதே துளையில், அல்லது அதற்குப் பக்கத்தில், சென்சார் வந்து உட்கார்ந்தது. இந்த மாற்றம் முழுவதையும் தன் கைகளால் செய்து பார்த்த ஊர் கோவை. 1970களில் மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் எழுந்த பிரிமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ், இன்றைய பிரிகால், இந்திய வாகனங்களின் டேஷ்போர்டு மீட்டர்களுக்குப் பேர்போன நிறுவனம். வேக சென்சாரும் அங்கே தயாராகிறது.

சென்சார்களில் இரண்டு சாதி உண்டு. முதலாவதைக் கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. உள்ளே ஒரு நிரந்தரக் காந்தம், அதன்மேல் மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அதாவது ஒரு காயில். பைக்காராவின் மின்சாரம் 1930களில் சமவெளிக்கு இறங்கியதிலிருந்து இந்தப் பகுதி காயிலோடுதான் வாழ்கிறது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டாரை இந்தியாவின் முதல் மோட்டார் என்று கோவையின் தொழில் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. எரிந்துபோன போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத சந்தை ஊர் இந்தப் பக்கம் அரிது. அந்தக் கடைகளில் புழங்கும் அதே விதிதான் சென்சாருக்குள்ளும் வேலை செய்கிறது. 1831 ஆகஸ்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி அது: ஒரு காயிலின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறினால் காயிலில் மின்னழுத்தம் எழும்.

கியர் பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டில் இரும்புப் பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று இருக்கிறது. சென்சாரின் நுனி அந்தப் பற்களுக்கு மிக நெருக்கமாக, தொடாமல், நிற்கும். ஒரு பல் எதிரே வரும்போது காந்தப்புலம் இரும்பு வழியே எளிதாகப் பாய்ந்து வலுக்கும். பல் விலகி இடைவெளி வந்தால் மெலியும். வலுத்து மெலியும் ஒவ்வொரு முறையும் காயிலில் மின்னழுத்தம் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும். வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. தண்டு சுழல்வதே அதற்குத் தீனி. பழைய சைக்கிள் டைனமோ இதன் நெருங்கிய உறவுக்காரன். டைனமோ விளக்கு மெதுவாக மிதித்தால் மங்குவதுபோல, இந்தச் சென்சாரின் குறியும் வேகம் குறையும்போது சிறுத்துக்கொண்டே போகும். நடை வேகத்துக்குக் கீழே கம்ப்யூட்டரால் அதைக் கேட்கவே முடியாது. நுனிக்கும் பல்லுக்கும் இடையே இடைவெளி சற்றே கூடினாலும் குறி சட்டென்று விழுந்துவிடும்.

இரண்டாவது சாதியில் காயில் இல்லை. 1879ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஹால் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, தகட்டின் முகப்புக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கு நடுவே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. ஓடும் மின்னூட்டங்களைக் காந்தம் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதாக ஜே.ஜே. தாம்சன் நிறுவியது 1897ல். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே அதன் நடமாட்டத்தை ஹால் அளந்துவிட்டார் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. அன்று உணர்நுட்பமான கால்வனோமீட்டர் தேவைப்பட்ட அந்த அளவீட்டை இன்று அரிசி அளவு சிலிக்கான் சில்லு ஒன்று தானே செய்து, தானே பெருக்கி, உண்டு–இல்லை என்ற சதுரத் துடிப்பாக அனுப்புகிறது. வண்டி ஊர்ந்தாலும் இதன் குறி சிறுக்காது. ஆனால் வேலை செய்ய இதற்கு 5 அல்லது 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

பட்டறையில் நிற்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் நேரடியானது. கப்ளரில் இரண்டு வயர் இருந்தால் அது பெரும்பாலும் காயில் சென்சார். மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் சென்சார்: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சேதி. இரண்டையும் சோதிக்கும் முறை வேறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

துடிப்பு வேகமாக மாறும் கணக்கு சுவையானது. 215/75 ஆர்15 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 சுற்று. பின்அச்சிலுள்ள கிரவுன் சக்கரத்தின் விகிதம் 4 என்று வைத்தால், கியர் பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டோடு சேர்ந்து சுழலும் புரொபெல்லர் ஷாஃப்ட் 1,800 சுற்று, நொடிக்கு 30. தண்டின் சுழற்சியைத்தான் சென்சார் எண்ணுகிறது, சாலையை அதற்குத் தெரியாது. டயரின் அளவும் கிரவுனின் விகிதமும் இன்னதுதான் என்று தொழிற்சாலையில் சொல்லிவைத்ததை நம்பி மீட்டர் கணக்குப் போடுகிறது. ஜப்பானிய வாகனங்களில் நெடுங்காலம் புழங்கிய தரம் ஒன்றில் மீட்டர் தண்டு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுற்றும், சுற்றுக்கு 4 துடிப்பு, ஆக 2,548 துடிப்பு. ஒரு துடிப்புக்கு வண்டி 39 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. கிலோமீட்டர் எண்ணும் இதே துடிப்புகளைக் கூட்டித்தான் ஏறுகிறது. முள் நின்றால் அதுவும் நிற்பது இதனால்தான்.

இந்தத் துடிப்பை மீட்டர் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்கிறது. சேதி நின்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, நினைவில் பி0500 என்று எழுதி வைக்கும். 2015 அக்டோபர் 1 முதல் புதிய சரக்கு வாகனங்களில் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று பூட்டும் ஸ்பீடு கவர்னர் கட்டாயமானது, சில விலக்குகளோடு. அந்தக் கவர்னருக்கும் வேகச் சேதி தேவை. ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட வண்டிகளில், ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸின் ஆட்டோமேட்டிக் வகை போன்றவற்றில், கியர் பாக்ஸே இந்தத் துடிப்பை வைத்துத்தான் கியர் மாற்றுகிறது. உள்ளே நுழையும் தண்டுக்கு ஒரு சென்சார், வெளியேறும் தண்டுக்கு ஒன்று. இரண்டின் விகிதம் கியரின் விகிதத்தோடு பொருந்தாவிட்டால் உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று அது புரிந்துகொள்ளும். நுழைவுப் பக்கச் சென்சாருக்குப் பொதுவான கோளாறு எண் பி0715, வெளியேறும் பக்கத்துக்கு பி0720. இந்த வண்டிகளில் சென்சார் கெட்டால் கியர் உதைத்து விழும், அல்லது ஒரே கியரில் நின்றுகொள்ளும்.

இனி வண்டிக்கு அடியில் போகலாம். வழக்கமான பின்சக்கர இயக்கப் பிக்கப்பில் கியர் பாக்ஸின் முன்பகுதி இன்ஜினோடு ஒட்டியிருக்கும், பின்னால் அது குறுகி வால் போல முடியும். அங்கிருந்துதான் புரொபெல்லர் ஷாஃப்ட் புறப்படுகிறது. அந்த வால் பகுதியின் பக்கவாட்டில் தேடுங்கள். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸிலும் பார்க்க வேண்டும். கருப்புப் பிளாஸ்டிக் தலை, அதில் ஒரு கப்ளர், ஒற்றைப் போல்ட்டால் இறுக்கிய சிறு காது என்பது அடையாளம். அங்கேயே ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்சும் இருக்கும். அது நேராக மரையில் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும், ஸ்பேனர் பிடிக்க அறுகோணத் தலையும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்விட்சைக் கழற்றிவிட்டால் கியர் ஆயில் முழங்கை வரை வழியும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் வேகச் சேதி சக்கரச் சென்சாரிலிருந்தே போகும், கியர் பாக்ஸில் தேடினால் எதுவும் அகப்படாது. அந்த மாடலின் சர்வீஸ் கையேடு இருந்தால் முதலில் அதைப் பார்ப்பது உத்தமம்.

கண்டுபிடித்தவுடன் கழற்ற வேண்டாம். இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சென்சாருக்குள் அசையும் பாகம் பொதுவாக ஒன்றுமில்லை, அது தேய்வதில்லை. அதைச் சுற்றியிருப்பவைதான் முதலில் கெடுகின்றன. கோழி ஏற்றும் வண்டியை நினைத்துப் பாருங்கள். நடைக்கு நடை வாட்டர் சர்வீஸ், கிருமிநாசினி, அழுத்தத் தண்ணீர் நேராகக் கப்ளருக்குள். உள்ளே ஏறிய ஈரத்தில் பித்தளை முனைகள் பச்சை பூக்கும். பச்சை பூத்த முனை மின்தடையைக் கூட்டும், துடிப்பு மெலியும், முள் துள்ளும், பிறகு விழுந்துவிடும். குடோனில் நிற்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டியில் கியர் பாக்ஸ் ஓயாமல் அசைந்து, கிளிப் கழன்ற வயர் எங்காவது உரசித் தோல் உரியும். பின்னாளில் கவர்னர் பூட்டியபோது சென்சார் வயரை இடையில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விட்டிருப்பார்கள். அந்த ஒட்டுதான் ஓரிரு மழைக்காலத்துக்குப் பிறகு வாய் திறக்கும். இவற்றில் எதற்கும் புதுச் சென்சார் மருந்தல்ல. கப்ளரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, முனைகளை நேராக்கி மாட்டிப் பாருங்கள். ஒட்டுகளைப் பிரித்து, ஈயம் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஃப்யூஸ்களையும் பாருங்கள், ஒரே ஃப்யூஸ் மீட்டரையும் ரிவர்ஸ் விளக்கையும் சேர்த்துத் தாங்கும் வண்டிகள் உண்டு.

அதற்கும் மசியாவிட்டால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டத்தை 5 வோல்ட் சென்சார் வழியும் கம்ப்யூட்டரும் தாங்காமல் போகலாம். இரண்டு வயர் சென்சார் என்றால் கப்ளரைக் கழற்றிவிட்டு சென்சாரின் இரு முனைகளுக்கிடையே ஓம் அளவு பாருங்கள். சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் ஓம் வரை ஏதோ ஒரு நிலையான எண் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. எல்லையில்லாத தடை காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, சுழியம் என்றால் ஷார்ட். காயில் கட்டும் கடையில் மோட்டாருக்குப் பார்க்கும் அதே சோதனை. மூன்று வயர் சென்சாரில் ஓம் பார்ப்பதில் பொருளில்லை, சில்லு ஏமாற்றும். சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கக் கப்ளரில் மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் குறை சென்சாரில் இல்லை.

அடுத்தது தண்டைச் சுழற்றிப் பார்ப்பது. சமதளத்தில், இன்ஜின் அணைத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட்டு, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கைபிரேக் பொதுவாகப் பின்சக்கரத்தைப் பிடிப்பது; சுழற்ற அதை விட வேண்டியிருப்பதால் முன்கட்டைகள்தான் உயிர்க்காவல். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் போதும். மற்றது தரையில் நிற்க, டிஃபரன்ஷியல் எல்லாச் சுழற்சியையும் தூக்கிய சக்கரத்துக்குத் தரும். விகிதம் 4 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும். காயில் சென்சாரில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து உதவியாளரைச் சக்கரத்தை வேகமாகச் சுற்றச் சொன்னால் எண் எழ வேண்டும். ஹால் சென்சாரில் கப்ளரை மாட்டிய நிலையிலேயே, சாவி போட்டு, சேதி வயரில் டி.சி. வோல்ட் பார்த்தபடி ஷாஃப்ட்டை மெதுவாகத் திருப்பினால் எண் ஏறி ஏறி விழ வேண்டும். அப்படி விழுந்தால் சென்சார் நல்லது, குறை மேலே எங்கேயோ இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் குற்றம் சென்சார்மீதே வந்து நின்றால் கழற்றலாம். சூடான கியர் பாக்ஸில் கை வைக்க வேண்டாம். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகும். சுற்றியுள்ள சேற்றைப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள், திறந்த துளைக்குள் ஒரு மணல் துகள்கூட விழக் கூடாது. கீழே ஒரு தட்டு வையுங்கள். கப்ளரின் நாக்கை அழுத்தி இழுத்து, போல்ட்டை எடுத்துவிட்டு (பல வண்டிகளில் 10ஆம் நம்பர் ஸ்பேனர்), சென்சாரை இடமும் வலமும் மெல்ல ஆட்டி நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் பிளாஸ்டிக் தலை கையோடு வரும், உடல் உள்ளேயே நின்றுவிடும்.

வெளியே வந்ததும் அதன் நுனியைப் பாருங்கள். காந்தம் கியர் ஆயிலில் மிதக்கும் இரும்புத் தூளை வருடக்கணக்கில் ஈர்த்து வைத்திருக்கும். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு. தடித்த மயிர்க்கூச்சாக நின்றால் அதுவே பல்லின் குறியை மறைத்திருக்கலாம். துடைத்து மாட்டினாலே முள் எழுந்துவிட்ட வண்டிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லு இருந்தால் கவலை சென்சாரைப் பற்றியதல்ல, கியரையும் பேரிங்கையும் பற்றியது. சில மாடல்களில் சென்சாரின் அடியில் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். பழைய கேபிள் காலத்தின் மிச்சம். அங்கே தேய்மானம் உண்டு. பல் மழுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், பற்களின் எண்ணிக்கை மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

புதியது வாங்கும்போது வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். ஒரே கப்ளர், ஒரே உடல், ஆனால் சுற்றுக்கு 4 துடிப்புக்குப் பதில் 8 தரும் சென்சார் கிடைத்தால் 40ல் போகும்போது மீட்டர் 80 காட்டும், கவர்னர் அங்கேயே கழுத்தைப் பிடிக்கும். நுனி சற்று நீளமாக இருந்தால் பல் அதை உடைத்துவிடும், குட்டையாக இருந்தால் குறி வராது. பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கோவை உக்கடத்தில் பழைய பொருள் எடுத்தாலும் இதே விதிதான். புது ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி, கையால் அழுத்தி முழுவதும் உட்கார வைத்து, பிறகுதான் போல்ட்டைப் போட வேண்டும். போல்ட்டின் இழுப்பால் உள்ளே இறக்கினால் காது விரியும். 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும், மணிக்கட்டின் பலமே அது. வயரை சைலன்சரிலிருந்து விலக்கிக் கிளிப்பில் கட்டி, சிந்திய அளவு கியர் ஆயிலை ஊற்றி, ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டுச் சாலைக்குப் போகலாம்.

சாலையில் கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு முள்ளை ஒப்பிடுங்கள். கைபேசியைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஜி.பி.எஸ். 60 என்று காட்டும்போது முள் 63ல் நின்றால் எதையும் திருத்த வேண்டாம். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்ட மட்டும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை இடமுண்டு. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே வேகத்துக்குத் தண்டு கூடுதலாகச் சுற்றும், முள் இன்னும் கொஞ்சம் மேலே போகும். மூட்டை அதிகம் தாங்கட்டும் என்று பெரிய டயர் மாட்டிய வண்டிகளில்தான் நிலைமை தலைகீழ். சுற்றளவு 6 சதவீதம் கூடினால், தொழிற்சாலையில் துல்லியமாக அமைத்த மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 64ல் போய்க்கொண்டிருக்கும். 80ல் பூட்டிய கவர்னர் 85ல்தான் பிடிக்கும். நூறு கிலோமீட்டர் என்று எழுதிய நடை 106 இருக்கும், டீசல் கணக்கில் மைலேஜ் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். அந்த வண்டிக்குச் சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் இந்த வித்தியாசம் போகாது. டயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது புது அளவை மீட்டருக்குச் சொல்லித்தரும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.